திமிங்கலத்துக்கு மூச்சு எதற்கு?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



2016ஆம் ஆண்டு பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. மீனவர்கள் அவற்றைத் தள்ளியும், படகில் கட்டி இழுத்தும் ஆழ்கடலில் கொண்டுபோய் விட்டனர். விட்டவற்றுள் பல மறுபடியும் கரைக்கே வந்து மடிந்தன. அன்று தள்ளியவர்களுள் என் தந்தையும் ஒருவர். அப்போது நான் சின்னஞ்சிறுமி.

அந்நிகழ்ச்சியை என் தந்தை அடிக்கடி கூறுவார். "உச்சந்தலையிலிருந்து சுடச்சுட மூச்சு வந்து என் முகத்தில் அடித்தது, மகளே. மாடு மூச்சு விடுவதுபோல் இருந்தது. கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகிற உயிருக்குக் காற்று எதற்கு? மற்ற மீனுக்கெல்லாம் செவுள் இருக்கிறதே!" என்பார். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய என் தந்தை கேட்ட அக்கேள்விக்கு இந்த ஆண்டுதான், பரிணாமம் பற்றிய பாடத்தைப் படித்தபோது, எனக்கு விடை கிடைத்தது. அதையே உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

மீனா, விலங்கா?

திமிங்கலம் மீன் அன்று. அது நுரையீரலால் சுவாசிக்கிறது. தலைமேல் உள்ள துளை அதன் மூக்கே ஆகும். அதன் இரத்தம் வெப்பமானது. அது குட்டி ஈன்று பாலூட்டுகிறது. ஓங்கில் காற்றைச் சுவாசிப்பதையும் பாலூட்டுவதையும் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் அக்காலத்திலேயே கண்டெழுதினார். 1758ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் தம் உயிரின வகைப்பாட்டில் திமிங்கலங்களைப் பாலூட்டிகளுடன் சேர்த்தார்.

இன்னும் உற்றுநோக்குவோம். மீன் தன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நீந்துகிறது. திமிங்கலமோ வாலை மேலும் கீழுமாக அசைக்கிறது. ஓடும் நாயின் முதுகெலும்பும் அவ்வாறே மேலும் கீழுமாக வளைவதை நாம் காணலாம். திமிங்கலத்தின் துடுப்பினுள் நம் கையில் உள்ளதுபோன்றே மேற்கை எலும்பு ஒன்றும், முன்கை எலும்புகள் இரண்டும், மணிக்கட்டும், விரல் எலும்புகளும் வரிசையாக உள்ளன. பின்னங்கால்கள் இல்லாத அதன் உடலில், தசைக்குள் புதைந்து, இடுப்பெலும்பின் எச்சம் காணப்படுகிறது. ஓங்கிலின் கரு தாயின் வயிற்றில் வளரத் தொடங்கும்போது பின்னங்கால் மொட்டுகள் தோன்றிப் பின்னர் மறைந்துவிடுகின்றன. 2006ஆம் ஆண்டு ஜப்பானில் பிடிபட்ட ஓர் ஓங்கிலுக்கு அவை மறையாமல் இரு சிறு துடுப்புகளாகவே நின்றிருந்தன!

நடவாத உயிருக்குக் காலின் சுவடு ஏன்? அதன் முன்னோர் நிலத்தில் நடந்தவர் என்பதே விடை.

டார்வினும் கரடியும்

சார்லஸ் டார்வின் 1809ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1831 முதல் 1836 வரை 'பீகிள்' என்னும் கப்பலில் உலகைச் சுற்றி வந்தார். தாம் கண்டவற்றை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிந்தித்து, 1859ஆம் ஆண்டில் 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலை வெளியிட்டார். ஆல்பிரட் ரசல் வாலஸ் என்பாரும் தனியாக ஆராய்ந்து இதே முடிவை எட்டியிருந்தார்.

அக்கொள்கை எளியதே. ஒரு தாயின் குட்டிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறப்பவை பல, பிழைத்து வளர்பவை சில. வாழும் சூழலுக்குச் சற்றே ஏற்ற உடலமைப்புள்ளவை அதிகமாகப் பிழைத்துக் குட்டிகளை ஈனுகின்றன. அவ்வமைப்பு குட்டிகளுக்கும் செல்கிறது. இவ்வாறு ஆயிரமாயிரம் தலைமுறைகள் கடந்தபின் இனமே மாறிவிடுகிறது. இதனை 'இயற்கைத் தேர்வு' என்பர். எந்த விலங்கும் தான் விரும்பி மாறுவதில்லை என்பதை நாம் மறக்கலாகாது. ஒரு விலங்கு பிறந்தபடியே இறக்கிறது, தலைமுறைகளே மாறுகின்றன.

டார்வின் தம் நூலின் முதற்பதிப்பில், வட அமெரிக்கக் கருங்கரடி வாயைத் திறந்தபடி நெடுநேரம் நீந்திப் பூச்சிகளைப் பிடித்ததைக் குறிப்பிட்டார். அத்தகைய விலங்கினம் காலப்போக்கில் திமிங்கலம் போன்றதாக மாறக்கூடும் என்றும் எழுதினார். பலர் எள்ளி நகையாடவே, அடுத்த பதிப்பில் அப்பகுதியை வெட்டிவிட்டார். கரடி என்று அவர் கருதியது பிழையே. ஆனால் நிலத்திலிருந்து நீருக்கு என்னும் அவரது எண்ணம் சரியானதே என்பதைப் பிற்காலத்துப் பாறைகள் மெய்ப்பித்தன.

பாறைகள் பேசின

இன்று இமயமலை நிற்கும் பகுதியில் முன்னொரு காலத்தில் தெதிஸ் என்னும் கடல் இருந்தது. அதன் கரையோரத்துப் படிவுகள் இன்று பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் பாறைகளாக உள்ளன. திமிங்கலத்தின் கதை அங்கேதான் எழுதப்பட்டிருந்தது.

ஏ. ரங்கா ராவ் என்னும் இந்தியப் புவியியலாளர் காஷ்மீரப் பகுதியில் புதைபடிவங்கள் நிறைந்த பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அவருடைய மனைவி அவற்றைப் பாதுகாத்து, தேவிசன் என்னும் அறிஞரிடம் அளித்தார். பாறையைச் சுத்தம் செய்கையில் ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உள்ளே தெரிந்த காதெலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அது திமிங்கல இனத்துக்கே உரிய அடையாளம்! ஆனால் அவ்விலங்கோ குளம்புகள் உடையது; பூனையினும் சற்றுப் பெரியது; நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சருகுமானைப் போன்றது. ஏறத்தாழ 4 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இதற்கு 'இந்தோஹையஸ்' என்று பெயர். இச்செய்தி 2007ஆம் ஆண்டு வெளியாயிற்று. இது திமிங்கலத்தின் நேர் மூதாதை அன்று; அம்மூதாதையின் நெருங்கிய உறவு.

பாகிஸ்தானில் கிடைத்து 1981ஆம் ஆண்டு பெயரிடப்பெற்ற 'பாக்கிசீட்டஸ்' ஓநாய் அளவினது. நான்கு கால்களால் நடந்தது. காதோ திமிங்கலத்தின் காது. 1994ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட 'ஆம்புலோசீட்டஸ்' முதலையைப்போல் நீரிலும் கரையிலும் வாழ்ந்தது. அதன் பெயருக்கே 'நடக்கும் திமிங்கலம்' என்பதுதான் பொருள். நம் நாட்டின் கட்ச் பகுதியிலும் 'கட்ச்சிசீட்டஸ்' என்னும் சிறு திமிங்கலத்தின் எலும்புகள் கிடைத்துள்ளன. எகிப்துப் பாலைவனத்தில் 'திமிங்கலப் பள்ளத்தாக்கு' என்றே ஓர் இடம் உண்டு. 2005ஆம் ஆண்டில் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கே கிடைத்த 'பசிலோசாரஸ்' 15 மீட்டருக்கும் மேல் நீண்ட முழுக் கடல்வாழ் திமிங்கலம். ஆயினும் அதற்கு விரல்களோடு கூடிய இரு சின்னஞ்சிறு பின்னங்கால்கள் இருந்தன!

பழைய திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு, ஆடு, மான், பன்றி ஆகியவற்றின் கணுக்கால் எலும்பைப்போல் இருபுறமும் கப்பி வடிவில் அமைந்துள்ளதை 2001ஆம் ஆண்டில் கண்டனர். இன்று உயிர்வாழ்வனவற்றுள் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை என்று மரபணு ஆய்வும் கூறுகிறது. எலும்பும் மரபணுவும் ஒரே சாட்சியம் பகர்கின்றன அல்லவா?

மனிதர் எங்கே?

தோழியரே, இக்கதையில் நமக்கும் பங்கு உண்டு. நம் புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நுண்ணுயிர்கள் வாழ்ந்த சுவடுகள் ஆஸ்திரேலியப் பாறைகளில் உள்ளன. 37 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 'டிக்டாலிக்' என்னும் மீனின் துடுப்புக்குள் மணிக்கட்டு அமைந்திருந்தது. அத்தகைய மீனினத்தின் வழித்தோன்றல்களே கரையேறின. அவர்கள் மரபில் வந்தவையே தவளையும், பல்லியும், பறவையும், பசுவும், நாமும். திமிங்கலத்தின் முன்னோரோ கரையேறிய பின் மீண்டும் கடலுக்கே திரும்பினர்; நுரையீரலையும் உடன் கொண்டு சென்றனர்.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இன்றுள்ள குரங்கு எதுவும் நம் மூதாதை அன்று. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதையர் 60 முதல் 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தனர். 1974ஆம் ஆண்டு எத்தியோப்பியாவில் கண்டெடுக்கப்பட்ட 'லூசி' 32 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இரு கால்களால் நிமிர்ந்து நடந்தவள். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவில் கிடைத்தன. அவற்றின் வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள் என்று 2017ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

என் மனக்குழப்பம்

இவற்றையெல்லாம் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தொடக்க நூலின்படி கடலின் பெரும் உயிர்கள் ஐந்தாம் நாளிலும், நிலவிலங்குகள் ஆறாம் நாளிலும் படைக்கப்பட்டன. பாறைகளின்படியோ நிலவிலங்கு முந்தியது, திமிங்கலம் பிந்தியது. எதை நம்புவது? அறிவியல் தேர்வில் ஒன்றும், மறைக்கல்வித் தேர்வில் மற்றொன்றும் எழுத என் மனம் ஒப்பவில்லை.

அச்சத்துடன் மறைக்கல்வி ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "நாள் வரிசையைச் சொல்லித்தர எழுதப்பட்ட நூல் அல்ல அது. இவையெல்லாம் யாருடையவை என்பதைச் சொல்ல எழுதப்பட்டது. எலும்பில் இருப்பதை இல்லையென்று சொல்லிக் கடவுளைக் காப்பாற்ற வேண்டியதில்லை, மகளே" என்றார். பின்னர் நானே தேடிப் படித்தேன். மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை என்றும், ஆன்மாவைக் கடவுளே படைக்கிறார் என்றும் 1950ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் எழுதியுள்ளார். பரிணாமம் வெறும் கருதுகோள் மட்டுமன்று எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996ஆம் ஆண்டில் கூறினார். பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்குச் செல்லும் விதியைப் பட்டாணிச் செடிகளில் கண்டறிந்த மெண்டலும் ஒரு துறவியே அல்லவா!

முடிவுரை

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது தந்தையிடம் விடையைச் சொன்னேன். "அப்பா, அது கடலிலேயே பிறந்த உயிர்தான். ஆனால் அதன் முன்னோர் கரையில் நடந்தவர்கள். அந்த மூச்சு கரையிலிருந்து கொண்டுபோன மூச்சு" என்றேன். என் தந்தை வலையைப் பொத்திக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அப்படியானால் அன்றைக்கு நாங்கள் தள்ளியது மீனை அல்ல, தூரத்துச் சொந்தத்தை" என்றார்.

ஆம், தோழியரே! உயிர்கள் அனைத்தும் ஒரே குடும்பம் என்பதைப் பாறைகள் நமக்குக் கூறுகின்றன. உறவென்று அறிந்தபின் அவற்றைக் காப்பதும் நம் கடமையன்றோ? கேள்வி கேட்க அஞ்சாதிருப்போம். கிடைத்த விடையை மறைக்காதிருப்போம்!