முதலில் தண்ணீர், பிறகு மீன்

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியே பெரும்பாலான வீடுகளுக்குள் முதலில் நுழையும் மீன்தொட்டி. கணக்குப்படி அதில் ஏறத்தாழ 56 லிட்டர் நீர் கொள்ளும் என்றாலும், அடியில் பரப்பும் கூழாங்கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் மீன்களுக்கு மிஞ்சுவது 45 லிட்டர் அளவே. இந்த இடத்துக்குள் இரண்டு தங்கமீன், ஒரு ஜோடி ஏஞ்சல், நான்கைந்து நியான் டெட்ரா, மூன்று டைகர் பார்ப், கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கையில் ஒரு சக்கர் மீன் என்று கண்ணுக்குப் பிடித்தவற்றை எல்லாம் வாங்கி விடுவதும், ஒரு மாதத்துக்குள் பாதி மீன்கள் செத்து மிதப்பதும், ராசியில்லாத தொட்டி என்று பழி தொட்டியின் மேல் விழுவதும் வழக்கமாக நடப்பவை. பல இனங்களை ஒரே நீரில் சேர்த்து வளர்க்கும் இம்முறையை மீன் வளர்ப்போர் கம்யூனிட்டி டேங்க், அதாவது கூட்டுத் தொட்டி என்பர். எந்த மீன் சாது, எந்த மீன் முரடு என்ற கேள்வியிலிருந்தே அதற்கான தேர்வு தொடங்குவதாகப் பலரும் எண்ணினாலும், அக்கேள்வி உண்மையில் மூன்றாவதாக வர வேண்டியது. அதற்கு முன்னால் முதலில் நீரும், அடுத்து மீனின் வாயளவும் நிற்கின்றன.

நீர் என்னும்போது கருதப்படுபவை அதன் கடினத்தன்மை, கார-அமில நிலை, வெப்பம் ஆகிய மூன்றுமாகும். கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்துள்ள நீர் கடினநீர். சவுக்காரம் எளிதில் நுரைக்காமையும், காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவு கட்டுவதும் அதன் அடையாளங்கள். தமிழகத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது இத்தகைய நீரே. அமேசான் ஆற்றின் மேற்பகுதியில், இலைதழை ஊறிக் கறுத்த, உப்புச்சத்து மிகக் குறைந்த, அமிலத்தன்மையுள்ள ஓடைகளில் தோன்றிய நியான் டெட்ராவுக்கு அது நேர் எதிரான சூழல்; பண்ணையில் பிறந்து வளர்ந்தவை ஓரளவு தாக்குப்பிடிக்கும் என்பது மெய்யே ஆயினும், உடலின் உப்பைச் சமன்செய்யும் ஓயாத உழைப்பிலேயே அவற்றின் வலு கரைந்துபோகிறது. மாறாக, முட்டையிடாமல் குட்டி ஈனும் கப்பி, மோலி, பிளாட்டி ஆகியவை கடினநீரில் செழிப்பவை. மோலியை மென்னீரில் விட்டால், அது இடம்விட்டு நகராமல் நின்ற இடத்திலேயே உடலை மட்டும் நெளித்து நெளித்து ஆடத் தொடங்கும்; விளையாட்டென்று பலர் ரசிக்கும் அந்த ஆட்டம் உண்மையில் உடல் நலிவின் அறிகுறி. ஆகவே, நியானையும் மோலியையும் சேர்த்து வளர்ப்பவர் எந்த நீரை ஊற்றினாலும் இரண்டில் ஒன்றை வருத்துகிறார். நீரை வேதிப்பொருள்களால் மாற்ற முயல்வதைவிட, குழாயில் வருகிற நீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்துகொள்வதே தொடக்க நிலையினருக்கு எளிது. சுத்திகரிப்பு இயந்திரத்தின் ஆர்.ஓ. நீரை அப்படியே ஊற்றுவதும் தீர்வாகாது, ஏனெனில் மீனுக்குத் தேவையான தாதுக்களும் அதில் நீங்கிவிடுகின்றன.

வெப்பத்தைப் பொறுத்தவரை விலக்கப்பட வேண்டிய முதல் மீன், எல்லோரும் முதலில் வாங்கும் தங்கமீனே ஆகும். சீனத்தில் கெண்டை வகையிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட அது, 20 பாகை செல்சியசை ஒட்டிய குளிர்ந்த நீரை விரும்புவது; கோடையில் 30 பாகையைத் தாண்டும் தொட்டியில் உயிர்வாயு குறைய, அது மேல்மட்டத்தில் வாய் பிளந்து தவிக்கிறது. அத்துடன் அது மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிப்பது. தங்கமீன் வேண்டுமென்றால் தங்கமீன்களை மட்டுமே, அதுவும் பெரிய தொட்டியில் வளர்ப்பது முறை.

அடுத்தது வாயளவு. வாய்க்குள் அடங்கும் எதையும் மீன் உணவாகவே கொள்ளும்; இதில் நட்பு, பழக்கம் என்பவற்றுக்கு இடமில்லை. கடையில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் விற்கப்படும் ஏஞ்சல் மீன், நன்றாக வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் நீளத்தை எட்டும்; நியானோ 4 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். இரண்டும் ஒரே அமேசான் நீருக்கு உரியவை, முதல் சில மாதங்கள் சேர்ந்தே திரிபவை என்பதால் பொருத்தம் சரியாக இருப்பதாகத் தோன்றும். பின்னர் ஒரு நாள் காலையில் எண்ணும்போது நியான்களில் ஒன்று குறையும், ஏஞ்சலின் வயிறு சற்றுப் புடைத்திருக்கும். எனவே கடையில் கேட்க வேண்டியது மீனின் இப்போதைய அளவன்று; முழு வளர்ச்சியில் அது எட்டும் அளவு. இந்தக் கேள்வி ஒன்றே பெரிதாக வளரும் ஆஸ்கர் மீனையும், 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் சக்கர் மீனையும் இரண்டடித் தொட்டியிலிருந்து விலக்கிவிடும்.

குணம் என்பது இவற்றுக்குப் பின்னரே வருவது. அதுவும் மீனின் இனத்தோடு பிறந்து மாறாமல் நிற்பதன்று, எண்ணிக்கையையும் இடத்தையும் பொறுத்து மாறுவது. டைகர் பார்ப் இதற்குச் சிறந்த சான்று. கூட்டமாக வாழும் இம்மீன்கள் தமக்குள் ஒரு மேல்கீழ் வரிசையை நிறுவிக்கொள்ள ஓயாமல் ஒன்றையொன்று துரத்துகின்றன. எட்டோ பத்தோ இருந்தால் அந்தத் துரத்தல் எல்லாவற்றின் மீதும் பரவி எதையும் பெரிதாகக் காயப்படுத்துவதில்லை. மூன்றே மூன்றை வாங்கி விட்டால் அந்த வேகம் பக்கத்து மீனின் மீது திரும்புகிறது. ஏஞ்சலின் வயிற்றடியில் நூல்போல் தொங்கும் நீண்ட துடுப்புகள் அவற்றின் கண்ணில் படுவது போதும். வேகமாக வந்து கடித்துவிட்டு விலகும், மறுபடியும் வரும். சில நாட்களில் அந்த நூல்கள் பாதியாகக் குறுகும், துடுப்பின் ஓரங்கள் பிய்ந்து வெண்மை பூக்கும், ஏஞ்சல் துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும், உணவுக்குக்கூட முன்வராது. டைகர் பார்ப் முரட்டு மீன் என்று பெயரெடுத்ததில் பாதிப் பங்கு அதைக் குறைந்த எண்ணிக்கையில் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் உரியது. கூட்டம் பெருகினாலும் நீண்ட துடுப்புள்ள மீனை அதனுடன் சேர்க்காதிருப்பதே நல்லது.

உருவம் சிறியதாக இருப்பதும் சாதுவாக இருப்பதற்கு உத்தரவாதமாகாது. கேரள ஆறுகளைச் சேர்ந்த மலபார் குட்டிப் பேத்தை மீன் இரண்டரை சென்டிமீட்டர் அளவே உள்ளது. எனினும் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும் வழக்கம் அதற்கு உண்டு, தனித் தொட்டியே அதற்குப் பொருந்தும். ஃபைட்டர் எனப்படும் தாய்லாந்துச் சண்டைமீனின் ஆண், தன்னைப் போலவே விரிந்த வாலும் பளிச்சென்ற நிறமும் கொண்ட ஆண் கப்பியைத் தாக்கக்கூடும். கப்பிகளுக்குள்ளும் ஆண்கள் மிகுந்தால் பெண் மீன்கள் ஓயாமல் துரத்தப்பட்டுச் சோர்கின்றன. ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்பது தாங்கக்கூடிய விகிதம்.

இவ்வளவையும் விலக்கிய பின் கடினநீர்த் தொட்டிக்கு மிஞ்சுவது வறிய பட்டியலன்று. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிளாட்டிகள் ஐந்தாறு நடுமட்டத்துக்கும், கங்கைச் சமவெளியிலிருந்து 1822ஆம் ஆண்டில் இயற்கையியலாளர் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்த வரிக்குதிரை டேனியோக்கள் ஆறு மேல்மட்டத்துக்கும் போதும். இந்த டேனியோ பலவகை நீரையும் பொறுத்துக்கொள்வது, ஆய்வுக்கூடங்களிலும் உலகெங்கும் வளர்க்கப்படுவது. மென்னீர் வாய்த்தவர்கள் இலங்கையின் தென்மேற்கில் நிழல் கவிந்த ஓடைகளுக்கே உரிய செர்ரி பார்ப் மீன்களை நாடலாம். டைகர் பார்ப்பின் உறவென்றாலும் அதன் குணம் இதற்கு இல்லை. அடித்தரையில் மேயும் கோரிடோராஸ் கெளுத்தியை அவற்றோடு சேர்ப்பவர்கள், கூர்மையான கற்களில் அதன் மீசை தேய்ந்துவிடும் என்பதால் மெல்லிய மணலைப் பரப்ப வேண்டும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை கடினநீருக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன; புதிய தொட்டியில் அந்நுண்ணுயிரிகள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கடினநீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரமும் வெப்பமும் கூடும்போது அமோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும் என்பதால், அத்தகைய நீரில் ஒரே நாளில் பத்து மீன்களை இறக்குவது மென்னீரைவிட ஆபத்தானது. சில வாரங்களுக்கு ஒரு சிறு குழுவாகவும், தனக்கென இடம் பிடித்துக் காவல் காக்கும் மீன் ஏதும் இருந்தால் அதைக் கடைசியாகவும் விடுவதே உகந்தது. முந்தி வந்து இடம் பிடித்த மீன் பின்னால் வருபவற்றை எளிதில் சேர்த்துக்கொள்வதில்லை.

எவ்வளவு கவனித்தும் ஒரு மீன் பொருந்தாமல் போகலாம். வளர்ந்து பெருத்த சக்கர் மீனைக் கொல்ல மனமின்றி அருகிலுள்ள ஏரியில் விடுவோர் உண்டு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன் இவ்வாறு இந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகிக் கரைகளில் வளை தோண்டுவதும், எலும்புத் தகடு போர்த்த அதன் உடல் மீனவர் வலைகளைக் கிழிப்பதும் இப்போது பல மாநிலங்களின் முறையீடு. பொருந்தாத மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைகளும் இருக்கின்றன என்பதால், அதற்கான உடன்பாட்டை வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.