பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பொய் முகவரி: ஆர்.டி.இ. சேர்க்கை - சந்தேகங்களும் விளக்கங்களும்

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.), சிறுபான்மையினர் நடத்துபவை தவிர்த்த தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி.யில் 60 இடங்கள் உள்ள பள்ளி என்றால் 15 இடங்கள். இந்தச் சில இடங்களுக்காக முகவரி, வருமானம், பிறந்த தேதி ஆகியவற்றைக் 'கொஞ்சம் அட்ஜஸ்ட்' செய்யலாமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அந்தச் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே.

எங்கள் வீடு பள்ளியிலிருந்து 3 கி.மீ. தள்ளி இருக்கிறது. பள்ளிக்கு அடுத்த தெருவில் என் அண்ணன் வீடு. அந்த முகவரியில் விண்ணப்பித்தால் என்ன?

கூடாது. தமிழகத்தில் தொடக்க வகுப்புகளுக்கு 1 கி.மீ. சுற்றளவைத்தான் 'அருகமை' என்று விதி சொல்கிறது. குழந்தை அந்த எல்லைக்குள் உண்மையாகவே வசிக்க வேண்டும். ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டு, குடும்பம் பழைய வீட்டிலேயே இருந்தால் அது பொய்த் தகவல்தான். அண்ணன் சம்மதித்துவிட்டார் என்பதால் அது உண்மை ஆகிவிடாது.

அப்படியானால் பள்ளிக்காகவே வீடு மாறுவதும் தவறா?

இல்லை. நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறுவது உங்கள் உரிமை. விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்பே குடிவந்து, ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார் இரண்டிலும் முகவரியை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம். குறைத்துக் காட்டி வருமானச் சான்றிதழ் வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்...

கொடுக்காதீர்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்தச் சான்றிதழே தேவைப்படாது. 2 லட்சம் ரூபாய் வருமான வரம்பு 'நலிவடைந்த பிரிவினர்' என்ற பிரிவில் விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டும்தான். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோர் தமிழக விதிகளின்படி 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்'. இவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் போதும். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புள்ளோர், தூய்மைப் பணியாளர்களின் குழந்தைகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கு முன்னுரிமையும் உண்டு.

இது தெரியாததால்தான் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த எத்தனையோ பேர் இடைத்தரகரிடம் காசைக் கொடுத்துவிட்டு, தேவையே இல்லாத ஒரு பொய்யையும் சுமக்கிறார்கள். 'சாதிச் சான்றிதழ் போதும்' என்ற இந்த ஒரு வரியைக் கல்வித் துறை ஒவ்வொரு இ-சேவை மையத்தின் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பிறந்த தேதியை ஒரு மாதம் முன்னதாகக் காட்ட முடியுமா?

முடியாது. எல்.கே.ஜி.க்கு ஜூலை 31 அன்று குழந்தைக்கு மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டத் திருத்தத்தின்படி, அந்த நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே பிறந்த தேதிக்கான ஆவணம்.

மாட்டிக்கொண்டால் அதிகபட்சம் சீட் போகும், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. ஏமாற்றும் நோக்கத்துடன் ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கும் அதே தண்டனை என்கிறது 340-வது பிரிவு. டெல்லியில் வசதியான வியாபாரி ஒருவர் தன்னைக் குடிசைப் பகுதிவாசி என்று காட்டி, மகனை ஏழைகளுக்கான ஒதுக்கீட்டில் பெயர்பெற்ற பள்ளியில் சேர்த்தார். சில ஆண்டுகள் எல்லாம் சுமுகமாகவே போயின. 2018-ல் அவர் கைதானார். அதற்குள் பையன் அந்தப் பள்ளியில் நண்பர்களோடு வேரூன்றியிருந்தான். தகப்பன் செய்த காரியத்தின் அவமானம் அந்தப் பிள்ளையின் தலையில் விடிந்தது.

பிள்ளைக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று நினைப்பது பாவமா? எல்லோரும்தானே செய்கிறார்கள்?

நினைப்பதில் பாவம் எதுவும் இல்லை. பெற்றோரை இந்த நிலைக்குத் தள்ளியதில் அரசுக்கும் பங்கு உண்டு. 2025-26 சேர்க்கை, மத்திய நிதி வராததால் அக்டோபர் வரை இழுத்தடிக்கப்பட்டது. நேர்மையாகக் காத்திருந்தவர்கள்தான் அதிகம் தவித்தார்கள்.

ஆனால் பாதிக்கப்படுவது யார் என்று பாருங்கள். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல் நடக்கும். பொய் முகவரியில் ஒரு சீட்டு உள்ளே வந்தால், அதே தெருவில் குடியிருக்கும் ஒரு வீட்டுவேலைக்காரப் பெண்ணின் குழந்தை வெளியே போகலாம். தன் இடத்தை யார் எடுத்தார்கள் என்று அந்தத் தாய்க்குத் தெரியவே தெரியாது. 'நமக்கு அதிர்ஷ்டம் இல்லை' என்று வீட்டுக்குப் போய்விடுவார். என்னால் இதை ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. இந்த இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும். அப்போது அரசுப் பள்ளிக்கு மாறி 12 வரை படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆர்.டி.இ. மாணவரும் தகுதி பெறுவார். பக்கத்து அரசுப் பள்ளியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தகுதி இருந்தும் பள்ளி எங்களைத் தட்டிக்கழிக்கிறது. குழந்தைக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்கிறார்கள்.

விதியை வளைக்கும் பள்ளிகளும் உண்டு. சட்டத்தின் 13-வது பிரிவின்படி குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் எதுவும் நடத்தக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன்பின் ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, பெற்றதற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் தெரிவிக்கலாம். வேறொருவர் பொய் முகவரி கொடுத்திருப்பது உறுதியாகத் தெரிந்தால், அதையும் குலுக்கலுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; சேர்ந்து, சீருடை போட்டுப் போகத் தொடங்கிய குழந்தையை வெளியே அனுப்பும் நிலை யாருக்கும் வரக் கூடாது.