கண்ணாடியில் படியும் மலை

உப்புநீர் மீன்தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டு மூன்று வாரம் ஆவதற்குள் கண்ணாடி பழுப்பேறிவிடும். விரலால் தடவினால் தூளாக வந்துவிடும். மறுநாளே மீண்டும் படியும். தண்ணீர் கெட்டுவிட்டது என்று பயந்து பாசிக்கொல்லி வாங்கி ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பழுப்பு எதனால் வருகிறது என்பதை, நாமக்கல், சேலம் பக்கத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். கொல்லிமலை அங்கேதான் நிற்கிறது.

கொல்லிமலை சார்னோக்கைட் என்னும் பழமையான கடும்பாறையால் ஆனது. கடல்மட்டத்துக்கு மேல் 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில், மழை அந்தப் பாறையைப் பல லட்சம் ஆண்டுகளாகக் கரைத்துக்கொண்டிருக்கிறது. பாறையிலுள்ள சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக நீரோடு போய்விட, எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் மேலேயே தங்கிவிட்டன. மலையுச்சியில் கிடைக்கும் பாக்சைட் அப்படி மிஞ்சியதுதான். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்து போனதைப் போல இங்கிருந்தும் பாக்சைட் போனது.

சரி, கரைந்துபோன சிலிக்கா எங்கே? மலையில் ஓடும் ஐயாற்றில் கலந்து, ஆகாய கங்கை அருவியில் விழுந்து, புளியஞ்சோலை வழியாகக் காவிரிப் படுகைக்கு இறங்கி, கடைசியில் வங்கக் கடலுக்குப் போகிறது. அடிவாரத்துச் சமவெளியிலும் பூமிக்குள் இதே போன்ற கடும்பாறைதான். அதனால் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் சிலிக்கா கரைந்தே வருகிறது. பார்வைக்குத் தெரியாது, குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் செயற்கைக் கடலுப்பைக் கலந்து தொட்டியில் ஊற்றியதும் ஓர் உயிர் அதற்காகவே காத்திருந்தது போலப் பெருகத் தொடங்கும்.

அதன் பெயர் டயாட்டம். ஒரே செல் கொண்ட நுண்பாசி. நீரிலுள்ள சிலிக்காவை எடுத்துத் தன்னைச் சுற்றி நுணுக்கமான துளைகள் கொண்ட கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். சிலிக்கா இல்லையென்றால் ஓடு இல்லை. ஓடு இல்லையென்றால் பெருக்கமும் இல்லை. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களுடையது. இவ்வளவு பெரிய வேலை செய்கிற உயிரைத்தான் நாம் அழுக்கு என்று துடைக்கிறோம்.

புதுத் தொட்டியில் அதற்குப் போட்டியும் இல்லை, அதைத் தின்ன ஆளும் இல்லை. நீரிலுள்ள சிலிக்கா தீர்ந்ததும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். பலருக்கு அடங்காமல் போவதற்குக் காரணம், தொட்டி நீர் ஆவியாகக் குறையக் குறைய மறுபடி கிணற்று நீரையே ஊற்றுவது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். சிலிக்கா உள்ளேயே நின்று சேர்ந்துகொண்டே போகும்.

ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீர் வைத்துக்கொண்டால் பெருமளவு தீரும், முழுக்கத் தீராது. அதற்கு அடுத்து அயனிகளை ஈர்க்கும் பிசின் நிரப்பிய டி.ஐ. குழாய் ஒன்றும் வேண்டும். இங்கே பலரும் ஏமாறும் இடம் டி.டி.எஸ். மீட்டர். அது நீரின் மின்கடத்தும் திறனை அளந்து எண் காட்டுகிற கருவி. சாதாரண நீரில் சிலிக்கா பெரும்பாலும் மின்னூட்டமில்லாமல் கரைந்திருப்பதால் மீட்டரின் கண்ணில் படாது. பிசின் சோரும்போது முதலில் நழுவி வெளியே வருவதும் சிலிக்காதான். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் கண்ணாடி பழுப்பேறினால் கண்ணாடியை நம்புங்கள், பிசினை மாற்றுங்கள்.

பழுப்பு அடங்கிய பிறகு பச்சைப் பாசி வரும். அதற்குத் தீனி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இரண்டையும் கொட்டுவது மீன் உணவு போடும் நம் கைதான். கடல் நுண்ணுயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 106க்கு 16க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதை அமெரிக்கக் கடலியலாளர் ஆல்பிரட் ரெட்பீல்டின் ஆய்வுகள் காட்டின. ஓர் அணு பாஸ்பரஸ் உள்ளே போனால் நூறு அணு கார்பனுக்கு மேல் பாசி உடம்பாக மாற வழி பிறக்கிறது. உறைந்த இறால் தீனியை உருக்கிய நீரை அப்படியே தொட்டியில் ஊற்றாமல் வடித்துப் போடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை. அதற்காக நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கிவிடவும் முயலக் கூடாது. சத்து அறவே வற்றிய தொட்டிகளில்தான் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் பிசுபிசுத்த பழுப்புச் சளி பிடித்து ஆட்டுகிறது. அதைவிடப் பச்சைப் பாசி எவ்வளவோ மேல்.

பாசியை அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம். வெளிச்சமும் ஓடும் நீரும் இருக்கிற இடத்தில் அது வளரத்தான் செய்யும். அருவியோரப் பாறை வழுக்குவது அதனால்தான். மெல்லிய நீர்ப்படலம் ஓயாமல் புதுச் சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி இதையே கருவியாக்கினார். பலத்த வெளிச்சத்தின் கீழ் ஒரு வலைமீது தொட்டி நீரை அலையடிப்பது போலப் பாய்ச்சி, பாசியை அங்கே வளரவிட்டு, அவ்வப்போது சுரண்டி எறிந்தார். பாசியோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியேறிவிடும். கண்ணாடிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அதைவிடவும் முக்கியம் பாசியை மேய்கிற உயிர்கள். நம் மலையோடைகளில் கல்லொட்டி மீன் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது. பவளப் பாறைகளில் அந்த வேலையைக் கடல் முள்ளெலிகளும் மீன்களும் நத்தைகளும் செய்கின்றன. அவை போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜமைக்கா சாட்சி. மிகையான மீன்பிடிப்பாலும் 1980இல் அடித்த ஆலன் புயலாலும் அதன் பவளத் திட்டுகள் ஏற்கெனவே நொந்திருந்தன. 1983இல் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோய் கரீபியக் கடல் முழுக்கப் பரவி, டயடீமா என்னும் கடல் முள்ளெலிகளில் 90 சதவீதத்துக்கு மேல் கொன்றுவிட்டது. ஜமைக்காவில் 1977இல் 52 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1993இல் 3 சதவீதமாகச் சுருங்கியது; பாசியின் பரப்பு 4இலிருந்து 92 சதவீதமாக ஏறியது. இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

தொட்டியில் மேய்ச்சலுக்கு நத்தையே சரி. இரவில் டார்ச் அடித்து, கண்ணாடியில் ஊரும் நத்தையை வெளியிலிருந்து பாருங்கள். வாய் திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் பல் வரிசை பதித்த நாக்கு வெளியே வந்து பாசியை வழித்துக்கொண்டு உள்ளே போகும். காலையில் அதன் வழித்தடம் வளைந்து வளைந்து தெளிவாகத் தெரியும்.

வாங்கும்போது மட்டும் இனத்தின் பெயரைக் கேளுங்கள். ட்ரோகஸ் நிலோட்டிகஸ், டர்போ மார்மொரேட்டஸ் ஆகிய இரண்டு நத்தைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்ந்தவை. கல் பவளங்களும் கடல் அட்டைகளும் கடல் குதிரைகளும் அதே ஆண்டில் சேர்ந்தன. கடலிலிருந்து பெயர்த்த பவளக் கல்லை "சும்மா அலங்காரத்துக்கு, ஒண்ணும் ஆகாது சார்" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் மிச்சமிருக்கும் பவளத் திட்டுகள் நம் வரவேற்பறைக்காக உடையக் கூடாது.

மற்றது கைவேலை. காந்தத் துடைப்பான் போதும். அடிமணலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நிறுத்துங்கள். இடையில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் விழுந்த கீறல் போகாது. ஊதா நிறத்தில் கெட்டியாக ஒட்டும் சுண்ணப் பாசிக்கு மட்டும் பிளேடு. அக்ரிலிக் தொட்டியில் அதுவும் கூடாது. முன்கண்ணாடியைத் துடைத்தால் போதும். பின்கண்ணாடியில் படர்வதை நத்தைகளுக்கு விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அவை பட்டினி கிடக்கும்.