அலகுக்கு எட்டும் உலோகம்

கூண்டு அமையவேண்டிய இடம், அங்கு விழும் வெயில், காற்றோட்டம் ஆகியவற்றைச் சென்ற பகுதி ஆராய்ந்தது. இடத்தில் நேரும் பிழை கண்ணுக்குத் தெரியும். ஓலைத் தட்டி ஒன்றைக் கட்டியே அதைச் சரிசெய்துவிடலாம். கூண்டு எந்தப் பொருளால் ஆனது என்பதில் நேரும் பிழையோ பல மாதங்கள் மறைந்திருந்து, பறவை தளர்ந்து தரையில் அமர்ந்த பிறகே தெரியவருகிறது.

பச்சைக்கிளி போன்ற நம் நாட்டுப் பறவைகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்வதால், ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜெரிகர், காக்டெய்ல் முதலியவையே வீட்டுக் கூண்டுகளில் பெரிதும் வளர்க்கப்படுகின்றன. கிளி இனத்தைச் சேர்ந்த இவை அலகால் கவ்வி ஏறுகின்றன. புதிய பொருள் எதையும் அலகாலும் நாவாலுமே சோதித்து அறிகின்றன. ஆகவே கூண்டின் ஒவ்வொரு கம்பியும், கொக்கியும், திருகாணியும் உணவைப் போலவே பறவையின் வாய்க்குள் சென்று வருகிறது என்று கொண்டுதான் பொருள்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைகளில் எளிதாகக் கிடைப்பது ஜி.ஐ. வலை, அதாவது துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாக முலாம் பூசிய இரும்புக் கம்பி வலை. ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகிய துத்தநாகத்தில் வலையை முக்கியெடுக்கும் முறையில் முலாம் தடித்துப் படிவதோடு, கம்பிகள் கூடும் இடங்களில் சொட்டுகளும் முனைகளும் உறைந்து நின்றுவிடுகின்றன. பறவை இவற்றை உரித்து விழுங்கும்போது, உணவை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பையில் அவை தங்கி, அங்குள்ள அமிலத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் கலந்து, கணையத்தையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றன. இரையைக் கக்குதல், எச்சம் நீர்த்துப் பச்சையாதல், கால் தளர்தல் ஆகியவை இந்நஞ்சின் அறிகுறிகள். புதுக் கூண்டுக்கு மாறிய பறவைகளில் இவை அடிக்கடி காணப்பட்டதால் பறவை வளர்ப்போர் இதனைப் புதுக்கம்பி நோய் என்றே அழைத்தனர். இவ்வறிகுறிகள் வேறு நோய்களிலும் தோன்றுவதால், வீட்டு மருந்தில் நாளைக் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வதும், கூண்டு புதியது என்பதைத் தவறாமல் அவரிடம் சொல்வதும் பறவையின் உயிரைக் காக்கும்.

புது வலையை வினிகர் தொட்ட தூரிகையால் அழுந்தத் தேய்த்து, நீரில் அலசி, சில வாரங்கள் வெயிலிலும் மழையிலும் போட்டுவைக்கும் வழக்கம் நல்லதே. ஆனால் அது மேலே படிந்த வெண்தூளையும் ஒட்டாத துகளையும் மட்டுமே நீக்குகிறது. முலாம் அப்படியே இருப்பதால், கம்பியை ஓயாமல் கடிக்கும் பறவைக்கு அந்த வலை முழுப் பாதுகாப்பாகாது. செலவு கூடினாலும் எவர்சில்வர் வலையே சிறந்தது. அதில் 304 எனும் வகை பெரும்பாலான ஊர்களுக்குப் போதும்; உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் மாலிப்டினம் சேர்ந்த 316 வகை நெடுநாள் கறைபடாமல் நிற்கும். கூண்டு முழுவதற்கும் இயலாதவர்கள், பறவைகள் மிகுதியாக ஏறி விளையாடும் பக்கத்திற்கேனும் அதைப் பயன்படுத்தலாம்.

ஈயம் துத்தநாகத்தினும் கொடியது. இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் சன்னல் கம்பிகளையும் கதவுகளையும் கூண்டாக்குவது சிக்கனமாகத் தோன்றினாலும் தவிர்க்கத் தக்கது. ஈயப் பற்றவைப்பு உள்ள மணிகளுக்கும் விளையாட்டுப் பொருள்களுக்கும் இது பொருந்தும்.

வலைக்கண் அரை அங்குலத்தை மிஞ்சாதிருந்தால் பறவையின் தலை சிக்காது, பெருச்சாளியும் வளர்ந்த சாரைப்பாம்பும் நுழையா. சுண்டெலிக்கு அவ்விடைவெளியே போதும் என்பதால் கூண்டின் அடிப்பகுதியில் இன்னும் நெருங்கிய வலை தேவை. முறுக்கிப் பின்னிய அறுகோணக் கோழி வலை மெல்லியது, எளிதில் பிரிந்து விரலைச் சுருக்கிடுவது.

அமரும் கொம்புக்கு ஒரே பருமனுள்ள பிளாஸ்டிக் குழாயைப் பொருத்துவோர் பலர். அதில் பாதத்தின் ஒரே இடம் ஓயாமல் அழுந்திப் புண்ணாகிறது. மருந்து தெளிக்காத கொய்யா, வேம்பு ஆகியவற்றின் பருமன் மாறுபட்ட கிளைகள் பாதத்திற்கு இதமானவை, கடித்தாலும் கேடில்லாதவை. அரளிக் கிளை ஒருபோதும் கூடாது. முட்டையிட வைக்கும் மண்கலயம் வண்ணம் தீட்டாததாக இருக்கவேண்டும். இழை பிரிந்த கயிறு விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும் என்பதால் பழைய கயிறுகளை அவ்வப்போது அகற்றவேண்டும்.

வேலை முடிந்ததும் பறவைகளை விடுவதற்குமுன் தரையைக் காந்தத்தால் துழாவினால் முலாம் பூசிய இரும்புக் கம்பித் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். தனித் துத்தநாகச் சொட்டையும் 304 வகை எவர்சில்வர் துணுக்கையும் காந்தம் பற்றாது என்பதால், அதன்பின் தரையை நன்கு பெருக்கி, நீர்விட்டுக் கழுவியும் விடவேண்டும்.

(தொடரும்)