டெல்டா சேற்றுக்கு எத்தனை பல் போதும்?

தஞ்சாவூர்ல மேடே இல்லையே, ஃபேட் பைக்கோட முன் பல்சக்கரத்தை ஏன் மாத்தணும்னு கேட்கறீங்களா? தார் ரோட்டுக்கு வேண்டாம்தான். மழைக்கு அப்புறம் கல்லணைக் கால்வாய்க் கரையில ஓட்டிப் பாருங்க. 4 இன்ச் டயர்ல களிமண் அப்பிக்கிட்டா, அதுவே மலையேத்தம்!

முன்னாடி 42 பல், பின்னாடி 28 இருந்தா, பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒன்றரைச் சுற்று. முன்னாடி 32 போட்டால் 1.14 சுற்றுதான். மிதி ஏறக்குறைய கால்வாசி லேசாகும், முட்டி பிழைக்கும். வேகம் குறையும், போகட்டும்.

ரிவெட் அடிச்ச பல்சக்கரம்னா கிராங்க்கையே மாத்தணும். போல்ட்னா துளை இடைவெளியை அளந்து வாங்கினா போதும். சாதாரண சைக்கிள் அச்சு மட்டும் வேண்டாம்: பெடல் அச்சு உட்காரும் குழாய் அதுல பெரும்பாலும் 68 மி.மீ., ஃபேட் பைக்கில் 100. எட்டாது. செயின்லயும் சில லிங்க்கைக் குறைங்க, தொங்கினா சேறு அதுலதான் சேரும்.