கடை திறக்கும் முன் கால் மணி நேரம்



துவரை விலை, வரிக் கணக்கு, எடைக்கல் முத்திரை என்று எழுதிப் பழகிய நாம் இம்முறை காலை வழிபாட்டைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் மதுரை கீழமாசி வீதியில் உள்ள நம் கடைக்கு, பல ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறை வியாபாரி ஒருவர் வந்தார். நாற்பது வயதுக்காரர். சரக்குச் சீட்டை நீட்டாமல் மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், தந்தைக்குக் கண்ணில் புரை, தெருமுனையில் புதிதாகத் திறந்த பெரிய அங்காடி, நம்மிடமே மூன்று மாதப் பாக்கி. "அண்ணாச்சி, காலையில கண்ணு முழிச்சாலே பயமா இருக்கு. ஷட்டரைத் தூக்கக் கை வர மாட்டேங்குது" என்றார்.

"சாமி கும்பிடுதீங்களா?" என்று கேட்டோம்.

"முன்னெல்லாம் கவசம் முழுசும் சொல்லுவேன். இப்ப நேரமில்ல. அரைகுறையாச் சொன்னாக் குத்தமாயிருமோன்னு விட்டுட்டேன்."

இந்தப் பதில்தான் நம்மை எழுத வைத்தது. சுமை ஏறும்போது பலரும் முதலில் கைவிடுவது காலை வழிபாட்டைத்தான். பக்தி குறைந்ததால் அல்ல. நல்ல காலத்தில் வைத்த பெரிய அளவைக் கெட்ட காலத்தில் எட்ட முடியாததால்தான் கைவிடுகிறார்கள். கந்த சஷ்டி கவசத்தை நிதானமாகச் சொல்ல இருபது நிமிடம் ஆகும். சிவபுராணம் 95 அடி. விடியற்காலையில் பால் பாக்கெட் வண்டிக்கும் காய்கறி வண்டிக்கும் ஓட வேண்டியவனுக்கு அது முடியாமல் போகும். முடியாதது நாளடைவில் ஒரு கடனாக மாறி, ஏற்கெனவே உள்ள கடன்களோடு சேர்ந்துகொள்ளும். கையில் முதல் குறைந்த காலத்தில் நாம் சரக்கை நிறுத்திவிடுவதில்லை. பத்து மூட்டை எடுத்த இடத்தில் இரண்டு மூட்டை எடுத்துக் கடையை நடத்துகிறோம். வழிபாட்டையும் அப்படிச் சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கினால் குற்றம் என்று நமக்கு எந்தப் பெரியவரும் சொன்னதில்லை.

நாம் இதை அறிந்துகொண்டது 2016ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஆடி மாதத்தில் நம் தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. இரவில் இரண்டு முறை எழுந்து திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நம் வீட்டம்மாவும் நாமும் முறை வைத்து விழித்திருந்தோம். அந்த நிலையில் நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள்தான். மறுநாள் வங்கிகள் மூடியிருந்தன. அதன் பிறகு நடப்புக் கணக்கில் இருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். மொத்த வியாபாரத்தில் 50,000 ரூபாய் எத்தனை நாழிகைக்குக் காணும் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். லாரி வாடகை, சுமை கூலி, கமிஷன் எல்லாமே ரொக்கம். கிராமத்துக் கடைக்காரர்கள் பாக்கியைத் தரத் தயாராக இருந்தார்கள். ஆனால் பழைய நோட்டாக. புதிதாக வந்த 2000 ரூபாய் நோட்டுக்கோ சில்லறை கிடையாது. (அந்த நோட்டையும் 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது, அது வேறு கதை.)

அந்த நவம்பரில் ஒரு காலை, கிட்டங்கிப் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டுத் திறக்காமல் வெகுநேரம் நின்றோம். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் தோளைத் தொட்டு, "முதலாளி, டீ சாப்பிட்டு வாங்க, நான் திறக்கேன்" என்றார். அன்று நினைத்தது வேறு யாரிடமும் சொல்லத்தக்கதல்ல.

அதே சமயம் கார்த்திகை பிறந்தது. நம் வீதியில் சிலர் வழக்கம்போல் மாலை போட்டார்கள். அவர்களுக்கும் அதே நோட்டுப் பிரச்சினை, அதே வங்கி வரிசை. ஆனால் நம்மைப் போல் அவர்கள் உடைந்து போகவில்லை. கவனித்துப் பார்த்தோம். 41 நாள் மண்டல விரதத்தில், எழும் நேரம், குளிர்ந்த நீரில் குளியல், விளக்கு, சரணம் என்று காலையின் முதல் காரியங்கள் முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகின்றன. எதைச் செய்வது என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. யோசனையே பாரமாகிவிட்ட நேரத்தில் அது பெரிய உதவி. நமக்கு மாலை போடும் நிலை இல்லை, படுக்கையில் தாயார். ஆகவே அதில் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். இன்று வரை அதுதான் நம் காலை.

நான்கரை மணிக்கு எழுகிறோம். எழுந்ததும் செல்போனைத் தொடுவதில்லை, இது கண்டிப்பு. இரவில் வந்து விழுந்த விலை நிலவரமும் பாக்கிக் கேட்பும் ஐந்து மணி வரை காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. விழித்த முதல் அரை மணி நேரத்தில் கார்டிசால் என்ற சுரப்பு உடம்பில் இயல்பாகவே ஏறுகிறது என்றும், கவலைச் செய்தியைத் தேடிப் படிக்க அது ஏற்ற நேரமல்ல என்றும் நம் மருத்துவரும் சொன்னார். குளித்து, திருநீறு இட்டு, ஒரு அகலில் நல்லெண்ணெய் விட்டு ஏற்றுகிறோம். தெரிந்த ஒரே ஒரு பாட்டு. அது முடிந்ததும் மனத்தில் இருப்பதை மூடி மறைக்காமல் சாமியிடம் வாய்விட்டுச் சொல்வது: இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும், கையில் இல்லை, அம்மாவுக்கு இரவு காய்ச்சல், பயமாக இருக்கிறது. அலங்காரமாகச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப்பிள்ளையிடம் சொல்வதுபோல் சொன்னால் போதும். வெளியே சொல்லிக் கேட்கும்போது, இருபது என்று நினைத்த கவலை ஐந்தாகவோ ஆறாகவோதான் நிற்கும்.

பிறகு ஒரு துண்டுச் சீட்டு. தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன் கீழே மூன்று வரிகளுக்கு மேல் எழுதக் கூடாது. இன்று யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், வீட்டில் யாருக்கு என்ன வேண்டும். மூன்றாவது வரியை விட்டுவிடுகிற வியாபாரிகள்தான் அதிகம். நாமும் அப்படித்தான் இருந்தோம். புதுக் கணக்குக்கும் ஆயுத பூஜைக்கும் சுழி போடுகிற நாம், ஒவ்வொரு நாளையும் ஒரு புதுக் கணக்காக எண்ணிச் சுழி போடலாமே என்று தோன்றியது. படியால் அளந்த காலத்தில் முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்றுதான் எண்ணுவார்கள். நம் தகப்பனார் கடைசிவரை அப்படித்தான் எண்ணினார்.

கிளம்பும் முன் திருநீற்றுத் தட்டைத் தாயாரிடம் கொண்டு போவோம். இடக்கையால் எடுத்து, நடுங்கிக்கொண்டே நம் நெற்றியில் பூசுவார். பாதி கண்ணில் விழும். அதற்கு இரண்டு நிமிடம் ஆகும், அவசரப்படுத்தக் கூடாது. 2019இல் அவர் மறையும் வரை ஒரு நாளும் இது தவறவில்லை. உண்மையைச் சொன்னால், மேலே எழுதியவற்றில் நம்மை அதிகமாகத் தாங்கியது இந்த இரண்டு நிமிடம்தான்.

கடை வாசலில் புதிதாக ஒன்றும் இல்லை. கூட்டித் தண்ணீர் தெளித்து, தராசைத் தொட்டுக் கும்பிட்டு, சாம்பிராணி காட்டி, போணிக்குக் காத்திருப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒரு எச்சரிக்கை மட்டும்: சாக்குக் கட்டுக்கும் எண்ணெய் டின்னுக்கும் பக்கத்தில் கற்பூரத்தை எரிய விட்டுவிட்டுப் போக வேண்டாம். கிட்டங்கிக்குள் தீபமே வேண்டாம் என்பது நம் கருத்து; கல்லாப் பக்கத்தில் போதும்.

நம் சங்கத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. இஸ்லாமியச் சகோதரர்களுக்கு நாம் சொல்லித் தர ஒன்றும் இல்லை. சுபுஹுத் தொழுகையின் கடமையான பகுதி இரண்டே ரக்அத்; ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் அதுதான் சிறியது. நாளின் தொடக்கத்தில் இருப்பதை அவ்வளவு சிறிதாகவும், ஆனால் தவறாமலும் வைத்திருப்பது நமக்கு வியப்பாக இருக்கும். கிறிஸ்தவ நண்பர் ஒருவர் பக்கத்துக் கடையில் தினமும் ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுத்தான் பேரேட்டைத் திறப்பார். சாமி கும்பிடாத நண்பர்களும் நமக்கு உண்டு. அவர்கள் சீட்டையும் அமைதியையும் எடுத்துக்கொள்ளட்டும்.

இனி வழிபாடு எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். அது செக்கைப் பாஸ் செய்யாது. செக் திரும்பும் நாளில் கோயில் கோயிலாகப் போய், போனை அணைத்து வைத்த ஒருவரை நாம் அறிவோம். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக்கைப் பெற்றவர் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்பலாம். அது கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் வழக்கு. அந்தப் பதினைந்து நாளையும் அவர் பிரகாரம் சுற்றியே கழித்தார். முதல் நாளே வந்து "அண்ணாச்சி, தவணை கொடுங்க" என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். காலைச் சீட்டில் முதல் வரியாக அந்தக் கடன்காரர் பெயரை எழுத வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

அதேபோல், வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் விளக்கு ஏற்றியதோடு நிற்கக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் 14416; எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. 2016இல் நமக்கு அப்படி ஒரு எண் தெரியாது. தோளைத் தொட ஒரு தொழிலாளி இருந்தார்.

மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்தவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. கல்லாவில் இருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துச் சுழி போட்டு எழுதச் சொன்னோம். முதல் வரியில் நம் பெயரையே எழுதினார், இருவரும் சிரித்துவிட்டோம். மூன்றாவது வரியில் 'அப்பா கண்' என்று எழுதினார். அரவிந்த் கண் மருத்துவமனையில் இலவசப் பிரிவு இருக்கிறதே, இதே ஊரில் இருந்துகொண்டு இன்னும் ஏன் போகவில்லை என்று கேட்டோம். யோசித்துப் பார்த்து, "நினைப்பே வரல அண்ணாச்சி" என்றார்.

சென்ற புதன்கிழமை வந்தார். தந்தையை அழைத்துப் போய்க் காட்டியாயிற்றாம், அறுவைக்கு நாள் சொல்லிவிட்டார்களாம். பழைய பாக்கியில் ஐயாயிரம் கட்டினார். வழக்கத்தைவிடக் குறைவாக, துவரை இரண்டு மூட்டையும் மல்லி ஒரு சிப்பமும் எடுத்துப் போனார். கவசம் சொல்கிறீரா என்று நாம் கேட்கவில்லை. நெற்றியில் திருநீறு இருந்தது.