களத்தில் காய்ந்தால்தான் குழம்பில் மணக்கும்
வீட்டுக் குழம்புத் தூளுக்குச் சில யோசனைகள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரம் மணிலாவுக்குப் பெயர் பெற்றது. மணிலாவில் ஊடுபயிராகத் துவரையும், வரப்போரம் காராமணியும், கிணற்றடியில் கொஞ்சம் மிளகாயும் கத்தரியும் போடுவது இங்குள்ள சிறு விவசாயிகளின் வழக்கம். குழம்புக்கு வேண்டிய எண்ணெய், பருப்பு, காய் ஆகியவை இவ்வாறு சொந்த நிலத்திலேயே கிடைத்துவிடுகின்றன. குழம்பு மிளகாய்த்தூளை மட்டும் பலர் கடையில் வாங்குகிறார்கள்.

வீட்டில் அரைப்பவர்களிடமும் ஒரு பழக்கம் உண்டு. நன்கு சிவந்து காய்ந்த மிளகாய் மண்டிக்குப் போகும். வெளுத்தது, பூசணம் பிடித்தது, ஈரம் போகாதது ஆகியவை வீட்டுக்கு ஒதுக்கப்படும். மணிலாவிலும் இப்படித்தான். திரண்ட பருப்பு விலைக்கும் சொத்தைப் பருப்பு சட்டிக்கும் போகிறது. இந்தப் பழக்கத்தை மாற்றினாலே குழம்பின் ருசியும் வீட்டாரின் உடல் நலமும் மேம்படும்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

மாதம் ஒரு தடவை அரைக்கும் குடும்பத்துக்குத் தடவைக்கு ½ கிலோ வீதம் ஆண்டுக்கு 6 கிலோ காய்ந்த மிளகாய் தேவை. 100 கிலோ பழம் காய்ந்தால் 25 முதல் 30 கிலோ வற்றல் கிடைக்கும். ஆகவே 20 முதல் 24 கிலோ பழம் இருந்தால் போதும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 45 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு நட்டால் ஒரு சென்ட் நிலத்தில் ஏறத்தாழ 150 செடிகள் கொள்ளும். செடிக்கு 200 கிராம் பழம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 30 கிலோ தேறும். மார்கழிக் கடைசியில் நாற்று விட்டு, 40 நாள் நாற்றை மாசியில் நட்டால், பழம் சிவக்கும்போது சித்திரை, வைகாசி வெயில் காய்ச்சலுக்குக் கைகொடுக்கும்.

தனியாவுக்கு 4 சென்ட் வரை ஒதுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் விதைக்க வேண்டும். விதையைத் தரையில் இட்டு லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். மஞ்சளுக்குத் தனி நிலம் வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் இருபது கிழங்கு ஊன்றினால் வீட்டுக்குப் போதும். ஆக மொத்தம் 5 சென்ட் நிலத்தில் ஓர் ஆண்டுக் குழம்புத் தூளுக்கு வழி செய்து கொள்ளலாம்.

காய்ச்சலில் கவனம்

குழம்பின் மணமும் நிறமும் பெரும்பாலும் காய்ச்சலில்தான் தீர்மானமாகின்றன. இங்கே விட்டதை அடுப்படியில் பிடிக்க முடியாது.

பறித்த மிளகாய்ப் பழத்தை ஓரிரு நாள் நிழலில் குவித்து வைத்தால் அரைச் சிவப்பாக உள்ளவையும் ஒரே சீராகச் சிவக்கும். பிறகு மண் தரையில் கொட்டாமல், சுத்தமான தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். சாலையில் காயவைப்பதைத் தவிர்க்கவும். புழுதியும் வண்டி எண்ணெயும் பழத்தில் ஒட்டிக்கொள்ளும். பகலில் நாலைந்து முறை கிளறிவிட வேண்டும். மாலையில் குவித்து மூடிவைத்தால் பனி இறங்காது. வெயிலைப் பொறுத்து பத்து, பதினைந்து நாளில் காய்ந்துவிடும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று ஒலிப்பது சரியான பதம். அப்போது ஈரப்பதம் 10 சதவீத அளவில் இருக்கும். எடை கூடவும் உடையாமல் இருக்கவும் வற்றல் மீது தண்ணீர் தெளிப்பது கூடாது. பூசணத்துக்கு அதுவே வழி.

மஞ்சளை, ஈர்க்கு குத்தினால் எளிதில் இறங்கும் பதத்தில் வேகவைத்து, பத்து முதல் பதினைந்து நாள் காயவைக்க வேண்டும். ஒடித்தால் 'டக்'கென்று ஒலி வர வேண்டும்.

பூசணம் ஏன் ஆபத்து?

சரியாகக் காயாத மிளகாய், மணிலா, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஒருவகைப் பச்சை மஞ்சள் பூசணம் வளர்ந்து 'அஃப்ளடாக்சின்' என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மடிந்தன. தீவனத்தில் கலந்த மணிலாப் புண்ணாக்கே காரணம் என்று தெரிந்த பிறகுதான் இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிக் கிராமங்களில், அறுவடைச் சமயத்தில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் பாதித்து இறந்தனர். விற்க முடியாததை வீட்டுக்கு வைத்துக்கொண்ட ஏழை விவசாயக் குடும்பங்களே அவை.

மிளகாயைக் குழம்பில் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் அழிவதில்லை. சிறிது சிறிதாக நாள்பட உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கும் இடமுண்டு. பூசணம் பிடித்த மணிலாவின் புண்ணாக்கை மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் நஞ்சு இறங்கும். ஆகவே பூசணம் கண்ட வற்றலையும் பருப்பையும் வீட்டுக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட வேண்டும்.

கடைத் தூளைச் சோதிப்பது எப்படி?

பளிச்சென்ற நிறம் தரத்துக்கு அடையாளம் அல்ல. இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருள்களில் 'சூடான்' என்ற தொழிற்சாலைச் சாயம் இருப்பதை 2003-ல் பிரான்ஸ் நாட்டில் கண்டுபிடித்தனர். அதன்பின் ஐரோப்பிய நாடுகள், சோதனைச் சான்று இல்லாத மிளகாய்த்தூளை ஏற்கவில்லை. கடைத் தூளை வாங்க நேர்ந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் சிறிது தூவிப் பார்க்கலாம். தண்ணீரில் கரையும் சாயம் கலந்திருந்தால் கோடு கோடாக நிறம் இறங்கும். செங்கல் பொடி இருந்தால் அடியில் நறநறவென்று தங்கும். எண்ணெயில் மட்டும் கரையும் சூடான் சாயத்தை இந்தச் சோதனை காட்டாது. மஞ்சள் தூளில் தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருப்பதே நல்லது. அடர்த்தியான மஞ்சள் நிறம் இறங்கினால் சந்தேகிக்க வேண்டும்.

வறுத்து அரைக்கும் முறை

மிளகாய் ½ கிலோவுக்குத் தனியா 1 கிலோ, துவரம் பருப்பு 100 கிராம், மிளகு, சீரகம், மஞ்சள், பச்சரிசி தலா 50 கிராம், வெந்தயம் 25 கிராம் சேர்க்கலாம். காரம் கூடுதலாக வேண்டுவோர் தனியாவைக் குறைத்துக் கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்கக்கூடாது. பருப்பு சிவப்பதற்குள் சீரகம் கருகிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனியே, சிறு தீயில், வாசனை எழும்வரை வறுத்தால் போதும். வெந்தயம் கருகினால் குழம்பே கசக்கும். மிளகாயும் மஞ்சளும் வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்திருந்தால் வறுக்க வேண்டாம். வறுத்தவை நன்றாக ஆறிய பிறகே மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். அரைத்த தூள் சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். காகிதத்தில் பரப்பி ஆறவிட்டு, சலித்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டு வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். ஆண்டுக்கு வேண்டியதை ஒரே தடவையில் அரைப்பதும் சரியல்ல. தூளாகிவிட்டால் மணம் விரைவில் போய்விடும். வற்றலாகவும் முழுத் தனியாவாகவும் வைத்திருந்து மாதாமாதம் அரைப்பதே சிறந்தது.

அடுப்பில் கவனிக்க வேண்டியது

மிளகாயின் காரமும் சிவப்பும், மஞ்சளின் நிறமும் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்கு இறங்குகின்றன. ஆகவே தூளைக் கொதிக்கும் புளித்தண்ணீரில் கடைசியாகக் கொட்டுவதால் பயன் குறைவு. சட்டியில் கடலெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சிறிது வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, தக்காளி குழைந்த பிறகு தீயைக் குறைத்துத் தூளைப் போட வேண்டும். அரை நிமிடம் பிரட்டினால் போதும். அதற்கு மேல் போனால் கருகும். பிறகு புளிக்கரைசலும் உப்பும் சேர்த்து, எண்ணெய் மேலே தெளிந்து வரும்வரை கொதிக்கவிட வேண்டும். கத்தரிக்காயுடன் அவித்த பச்சை மல்லாட்டைப் பருப்பைச் சேர்த்தால் சத்தும் கூடும்.

அடுத்த பறிப்பின்போது முதலில் வீட்டுக்கு 6 கிலோ நல்ல வற்றலைத் தனியே கட்டி வைத்துவிட்டு, மீதியை மண்டிக்கு அனுப்புவது நல்லது. விளைவித்தவர் வீட்டுச் சட்டிக்கே நல்ல மிளகாய் முதலில் சேர வேண்டும்.